பென் டிரைவுக்குச் சந்தனக் காப்பு

திருத்தணியில் தாலுகா ஆபீசுக்கு எதிர்ச் சந்தில் எனக்கு ஒரு கடை இருக்கிறது. டைப்பிங், ஜெராக்ஸ், கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை என்று போர்டில் எழுதியிருக்கும். உரிமையாளர் என்று என் பெயர்தான் இருக்கும். ஜெராக்ஸ் மெஷினை ஓட்டுவது, வருகிறவர்களிடம் பேசுவது, பேசக்கூடாதவர்களிடம் பேசாமல் இருப்பது எல்லாம் என் மனைவி. நான் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மூலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருப்பேன். கடையில் நான் ஒரு சத்தம், அவ்வளவுதான்.

ஆனால் லேசுப்பட்ட சத்தம் இல்லை. தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவன் நான். மூன்றாவது தடவையில் பாஸ். முதல் தடவை வேகம் போதவில்லை. இரண்டாவது தடவை வேகம் இருந்தது, அடித்திருப்பது தமிழா என்று தாளைத் திருத்தியவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மூன்றாவது தடவை இரண்டும் கூடிவந்தது. அன்றிலிருந்து என் விரல்கள் என்னைக் கேட்பதில்லை. யாராவது எதிரில் உட்கார்ந்து மனுவைச் சொல்லிக்கொண்டே போனால், அவர்கள் மூச்சு வாங்குவதற்குள் நான் முற்றுப்புள்ளி வைத்திருப்பேன். ‘க’ எந்தக் கட்டையில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், எனக்குத் தெரியாது. என் இடது ஆள்காட்டி விரலுக்குத் தெரியும்.

இந்தப் பெருமையோடு உட்கார்ந்திருந்த ஒருநாள் திரையில் ஒரு அறிவிப்பு வந்தது. இந்தக் கம்ப்யூட்டரில் ஓடும் விண்டோஸ் பத்துக்கு இனி பாதுகாப்பு அப்டேட் கிடையாதாம். பதினொன்றுக்கு மாறிக்கொள்ள வேண்டுமாம். ஆனால் இந்தக் கம்ப்யூட்டருக்கு அதற்கான தகுதி இல்லையாம்.

தகுதி இல்லை என்ற சொல்லை நான் கம்ப்யூட்டரைச் சொன்னதாக எடுத்துக்கொள்ளவில்லை. என்னைச் சொன்னதாகவே பட்டது. ‘அப்புறம் பார்க்கலாம்’ என்பதை அழுத்தினேன். மறுநாளும் வந்தது, மறுநாளும் அழுத்தினேன். பல் டாக்டரிடம் போகச் சொல்லும் மனைவிக்கு ‘அடுத்த வாரம்’ என்று வருஷக் கணக்கில் பதில் சொன்னவனுக்கு இதெல்லாம் பெரிய விஷயமா?

ஆனால் உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. ஊர் ஜனங்களின் ஆதார் நகல், பட்டா நகல், பிள்ளைகளின் மார்க் ஷீட் எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் கிடக்கின்றன. பூட்டுத் துருப்பிடித்துவிட்டது என்று தெரிந்த பிறகும் அதே பூட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு எத்தனை நாள் இருப்பது?

எங்கள் சந்துக் கடைகளுக்கெல்லாம் கம்ப்யூட்டர் வைத்தியர் ஒரு பாய். அரக்கோணத்திலிருந்து ரயிலில் வருவார். தோளில் ஒரு பை, பையில் திருப்புளிகள், வாயில் எப்போதும் ஒரு நக்கல். விஷயத்தைச் சொன்னேன்.

“பொட்டி நல்லாத்தான கீது டைப் சார்? புதுசு இன்னாத்துக்கு? லினக்ஸ் போட்டுக்கோ.”

“அது படிச்சவங்க போட்டுக்கிறது ஆச்சே பாய். கருப்புத் திரையில பச்சைப் பச்சையா ஏதோ ஓடுமே.”

“அதெல்லாம் அந்தக் காலம். மின்ட்னு ஒண்ணு கீது. புதுசா கத்துக்கறவங்களுக்குன்னே பண்ணது. பாத்தா உன் விண்டோஸ் மாதிரியேதான் இருக்கும். கீழ மூலையில பட்டன், அமுக்குனா லிஸ்ட்டு. உங்க வூட்டு அம்மாவே ஓட்டுவாங்க.”

“அவ ஓட்டுவா. நான் ஓட்டுவேனான்றதுதான் கேள்வி” என்றேன்.

பாய் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்துக் கொடுத்தார். “இதுல போட்டு வெச்சிருக்கேன். இதோட சௌகரியம் இன்னான்னா, பொட்டியில ஏத்தாமலே ஓட்டிப் பாக்கலாம். புடிச்சா ஏத்திக்கோ. புடிக்கலன்னா உருவிட்டுப் போய்க்கினே இரு. உன் விண்டோஸுக்கு ஒரு கீறல் விழாது.”

எனக்குப் புரிந்துவிட்டது. பெண் பார்க்கிற சம்பிரதாயம். பஜ்ஜி, சொஜ்ஜி சாப்பிட்டுவிட்டு ‘ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம்’ என்று எழுந்துவிடலாம்.

பெண் பார்ப்பது என்றால் முதலில் பொருத்தம் பார்க்க வேண்டுமே. வீணாய்ப்போன ஜெராக்ஸ் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதினேன். பிரிண்டர் ஒத்துப்போகுமா? ஸ்கேனர்? பழைய பத்திரிகைக் கோப்புகள் திறக்குமா? தெலுங்கு அடிக்க முடியுமா? எங்கள் ஊரில் பத்திரிகை அடிக்கிறவனுக்குத் தெலுங்கு இல்லாமல் ஆகாது. சம்பந்திகளில் பாதிப்பேர் நகரி, புத்தூர்ப் பக்கம். கடைசியாக ஒன்றை எழுதி அதன் கீழே இரண்டு கோடு போட்டேன்: டைப்ரைட்டர் விசைப்பலகை உண்டா?

மற்றதெல்லாம் இல்லாவிட்டால் ஏதாவது வழி பார்த்துக்கொள்ளலாம். இது இல்லாவிட்டால் என் விரல்கள் அநாதை. ஐம்பத்து மூன்று வயதில், ஹையர் பாஸ் செய்தவன், ஒற்றை விரலை நீட்டிக்கொண்டு ‘ம’ எங்கே, ‘ம’ எங்கே என்று கொத்திக்கொண்டிருக்க வேண்டும். அதுவும் எதிரில் மனு சொல்லும் ஆள் கொட்டாவி விடும்போது.

மனைவி தாளை எட்டிப் பார்த்தாள். “நம்ம ஜாதகத்துக்கே இவ்வளவு பாக்கலியே.”

“பாத்திருந்தா உங்கப்பா குடுத்திருக்க மாட்டாரு.”

“ஆங், அது சரி” என்று உடனே ஒத்துக்கொண்டாள். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்லியிருக்கலாம்.

இதோடு நிறுத்தியிருந்தால் கெட்டுப்போயிருக்காது. என் வாய் சும்மா இருக்காது. டீக்கடையில் சொன்னேன், ஸ்டாம்ப் பேப்பர் விற்பவரிடம் சொன்னேன், கேட்காதவர்களிடமும் சொன்னேன்: “நாங்க லினக்ஸுக்குப் போறோம்.” வெளிநாட்டுக்குக் குடிபோகிற தோரணையில்.

அந்த வாரம் பார்த்து என் மச்சான் வந்து சேர்ந்தான். மனைவியின் தம்பி. ஆர்.கே.பேட்டையில் பவர்லூம் வைத்திருக்கிறான். தன் மகளுக்கு மலையில் மொட்டை போட்டுக் காது குத்தப் போகிறான். அவன் மனைவி வீடு நகரி. குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளப்போகும் தாய்மாமன் அங்கிருந்துதான் வர வேண்டும். ஆகவே பத்திரிகை இரண்டு பாஷையிலும் வேண்டும்.

“பாவா, வெள்ளிக்கிழமை கையில வேணும். தெலுங்குல ஒரு எழுத்து தப்பா இருந்தாலும் அந்த ஊட்டுக்காரங்க ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாங்க.”

“கவலையே படாதே. லினக்ஸ்ல அடிச்சுத் தரேன்” என்றேன்.

“லினக்ஸா? அது தமிழ்நாடு பஸ்ஸா, ஆந்திரா பஸ்ஸா?”

“உலகம் பூரா ஓடற பஸ்ஸுடா.”

“நம்ம ஸ்டாப்புல நிக்குமா?” என்று கேட்டுவிட்டு அக்காவைப் பார்த்துச் சிரித்தான். அக்காவும் சிரித்தாள். அந்த ஜெராக்ஸ் மெஷின்கூட ஒரு மாதிரி இழுத்துக்கொண்டு நின்றது.

செவ்வாய்க்கிழமை கிருத்திகை. இந்த ஊரில் பிறந்தவன் ஒரு நல்ல காரியத்தை வேறு என்றைக்குத் தொடங்குவான்? விடியற்காலையில் குளித்து, கடையைத் திறந்து, ராகுகாலம் எப்போது என்று காலண்டரில் பார்த்துக்கொண்டேன். கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்தேன், பிரிண்டருக்கு வைத்தேன், ஜெராக்ஸ் மெஷினுக்கு வைத்தேன். பித்தளைத் தட்டில் வெற்றிலை, அதன்மேல் பாயின் பென் டிரைவ். அன்றைய கதாநாயகன் அவன்தானே? அவனுக்கு வைக்காமல் விடலாமா? அவனுக்கு நெற்றி எது என்றுதான் விளங்கவில்லை. ஒரு பக்கம் கருப்பு பிளாஸ்டிக், ஒரு பக்கம் பளபளவென்று தகரம். முகம் என்றால் பளபளப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, தகரப் பக்கத்தில் தாராளமாகச் சந்தனம் இழுத்து, மேலே குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினேன்.

முருகா என்று சொருகினேன். கம்ப்யூட்டரை எழுப்பினேன். அது எப்போதும்போல விண்டோஸுக்கே போய் நின்றது.

அணைத்து மறுபடி எழுப்பினேன். அதேதான். பாய்க்குப் போன் போட்டேன்.

“ஆரம்பிக்கறப்ப எஃப் பன்னெண்டு தட்டணும் டைப் சார்.”

தட்டினேன். ஒரு பட்டியல் வந்தது. அதில் பென் டிரைவின் பெயரே இல்லை.

“வேற ஓட்டையில சொருவிப் பாரு.”

முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் இரண்டு. நான்கிலும் சொருகிப் பார்த்தேன். புதன்கிழமையும் இதே கதை. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் அழுத்திச் சொருகினேன். மின்சாரத்தில் ஏதோ கோளாறு என்று சுவிட்சை மாற்றினேன். கடைசியில் நாற்காலியைக்கூட மாற்றினேன்.

புதன் மதியம் மனைவியை அழைத்து, தாடையைத் தடவிக்கொண்டு ஒரு தீர்ப்பைச் சொன்னேன். “இதெல்லாம் குளிர் நாட்டுல பண்ணது. நம்ம ஊரு வெயிலுக்கு ஒத்துக்காது. லினக்ஸ் நல்ல சாமான்தான், ஆனா நமக்கு ஆகி வரல.”

“மூணு நாளா அதைத்தான ஊர் பூரா சொல்லிகினு இருந்தீங்க?”

“சொன்னேன். ஆராய்ச்சி பண்ணி இப்ப வேணாம்னு முடிவு எடுக்கறேன்.”

“என் தம்பிகிட்ட நீங்களே சொல்லிடுங்க” என்றாள். அதுதான் வலித்தது. மனதுக்குள் அவன் சிரிப்பு கேட்டது: நம்ம ஸ்டாப்புல நிக்கல போல, பாவா.

பாய் அன்று மதியமே வேறு வேலையாக வந்திருந்தார். எங்கள் கடைக்குள் நுழைந்தவர் கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை. பென் டிரைவை உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் வாய்க்குள் பார்த்தார். பிறகு மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். முகர்ந்து பார்க்கிற கம்ப்யூட்டர் மெக்கானிக்கை அன்றுதான் பார்த்தேன்.

“டைப் சார், இதுக்குப் பொட்டு வெச்சியா?”

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் தாள்களை அடுக்க ஆரம்பித்தாள், தோள் குலுங்கியது.

“சொம்மா ஒரு சாஸ்திரத்துக்கு...”

“சாஸ்திரமா? வழிச்சு ஊத்திக்கீற! இது நெத்தி இல்ல நைனா, வாய்! உள்ள காய்ஞ்சு அடைச்சிகினு கீது.” கம்ப்யூட்டர் முதுகைத் திருப்பினார். “ஐயய்யோ. நாலு ஓட்டைக்குமா?”

நாலு ஓட்டைக்கும்தான். முருகனுக்கு நடக்கிற மாதிரி என் கம்ப்யூட்டருக்கு முழுச் சந்தனக் காப்பே நடத்தியிருந்தேன்.

பாய் சிரித்தார், கோபம் துளியும் இல்லை. பையிலிருந்து ஒரு சின்னப் பிரஷ்ஷும் ஸ்பிரிட் பாட்டிலும் எடுத்தார். “எனக்குப் பழகிப்போச்சு. வருஷா வருஷம் ஆயுத பூஜை முடிஞ்சா ஒரு வாரம் இதான் வேலை. கீபோர்டுல பொரி, ஃபேன்ல பூ. ஒருத்தரு சிடி பிளேயர்ல வெல்லம் வெச்சிருந்தாரு. வெக்க வேணாம்னு சொல்லல. மூடி மேல வைங்க. மூடி எதுக்குக் குடுத்திருக்கான்?”

துடைத்து முடித்துச் சொருகினார். எஃப் பன்னிரண்டு. பட்டியலில் பென் டிரைவ் வந்தது. சின்னச் சுழல், கரும்பச்சையில் ஒரு சின்னம், பிறகு ஒரு திரை. கீழ் மூலையில் பட்டன். அமுக்கினால் பட்டியல். பாய் சொன்னது சொன்னபடி. பிரிண்டரை அது தானாகவே கண்டுபிடித்து, அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. விண்டோஸில் அதன் சிடியைத் தொலைத்துவிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பாய்க்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. “இனிமே நீதான். தட்டிப் பாரு. ஒடைஞ்சு போவாது.”

அவர் போன பிறகு என் தாளை எடுத்து வைத்துக்கொண்டேன். பிரிண்டர், டிக். ஸ்கேனர், டிக். பழைய பத்திரிகை ஒன்றைத் திறந்தேன். மணமகன், மணமகள், சுற்றமும் நட்பும் எல்லாம் ஆங்கில எழுத்துகளாக, மிதிபட்ட எறும்புக் கூட்டம்போலக் கிடந்தன. நாங்கள் அந்தக் காலத்தில் அடித்ததெல்லாம் பழைய எழுத்துருக்களில். அந்த எழுத்துரு இருந்தால்தான் அது தமிழ். விண்டோஸ் பக்கத்திலிருந்து எழுத்துருக்களை நகலெடுத்துப் போட்டேன், மறுபடி திறந்தேன். மணமகன் எழுந்து உட்கார்ந்தார். டிக் போட்டேன்.

தெலுங்கும் இருந்தது. மிச்சம் இருந்தது இரண்டு கோடு போட்ட ஒன்று.

தமிழைச் சேர்த்ததும் ஏழெட்டு முறைகள் வந்தன. முதலில் கிடைத்ததில் அடித்தேன். ‘மு’ அடித்தால் ‘ஞ’ வந்தது. அடுத்ததில் ஆங்கிலத்தில் அடித்தால் தமிழ் வந்தது, அது செல்போன் பிள்ளைகளுக்கு. அடுத்தது, அதற்கடுத்தது. ஒவ்வொன்றிலும் என் விரல்கள் ஒரு வரி ஓடி, தடுக்கி, நின்றன. எதிரில் ஒரு பெரியவர் முதியோர் பென்ஷன் மனுவோடு வந்து நின்றார். மனைவி அவரை ஸ்டூலில் உட்காரச் சொன்னாள். நான் ஒற்றை விரலை நீட்டிக்கொண்டு எழுத்தைத் தேடுவதை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“புதுசா சேந்துகிறாராம்மா?” என்று மனைவியிடம் கேட்டார்.

இருபத்தைந்து வருஷம் இதே மூலையில் உட்கார்ந்திருக்கிறவன் நான்.

“இல்லங்க, ஐயா. ஊடு மாறிகினு இருக்கார்” என்றாள் அவள்.

பட்டியலில் கடைசிக்கு முந்தினது ‘தட்டச்சு’ என்றிருந்தது. அதைத் தொட்டுவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டேன். பரீட்சை ஹாலில் மணியடிப்பதற்கு முன் அப்படித்தான் உட்காரச் சொல்வார்கள். டைப்ரைட்டரில் ஒரு விசேஷம்: ‘கெ’ அடிக்க வேண்டுமென்றால் முதலில் கொம்பு, பிறகுதான் ‘க’. மற்ற முறைகளில் எழுத்து முதலில், கொம்பு பின்னால். என் விரல்களை ஏமாற்ற முடியாத இடம் அதுதான். கண்ணை மூடிக்கொண்டு கொம்பை அடித்தேன், பிறகு ‘க’. கண்ணைத் திறந்தேன்.

கெ.

அதன் பிறகு நான் எதுவும் செய்யவில்லை. விரல்கள் செய்தன. பெரியவரைச் சொல்லச் சொன்னேன். அவர் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண், மனைவி போய்ச் சேர்ந்தது, பிள்ளைகள் சென்னையில், எல்லாவற்றையும் சொன்னார். அவர் மூச்சு வாங்கி நிறுத்தியபோது நான் முற்றுப்புள்ளி வைத்துவிட்டு அவருக்காகக் காத்திருந்தேன்.

பின்னால் ஜெராக்ஸ் மெஷினை மனைவி நிறுத்தியிருந்தாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

“ஆங்” என்றாள். “இதான் சத்தம். ரெண்டு நாளா கடையில யாரோ வேற ஆள் உக்காந்துகினு இருந்த மாதிரி இருந்தது.”

அன்று சாயங்காலமே முடிவு செய்துவிட்டேன். கோப்புகளையெல்லாம் தனியே ஒரு டிஸ்க்கில் நகலெடுத்தேன். நகலெடுத்ததை மறுபடி நகலெடுத்தேன், ஜெராக்ஸ் கடைக்காரன் புத்தி. இரண்டு பழைய டிசைன்கள் விண்டோஸில்தான் திறக்கும் என்பதால் அதை முழுசாகத் துரத்தவில்லை, ஓர் ஓரமாக இருக்கட்டும் என்று நெட் இணைப்பில்லாமல் விட்டேன். ‘நிறுவு’ என்பதை அழுத்தியது நான். கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னது நான். பாய்க்கு ஒரு போன்கூடப் போடவில்லை. முடிந்த பிறகுதான் போட்டேன், பெருமை அடித்துக்கொள்ள.

வெள்ளிக்கிழமை மச்சான் வந்தபோது பத்திரிகைக் கட்டு தயார். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் தெலுங்கு, நடுவில் மயில். அவன் தெலுங்குப் பக்கத்தைப் போனில் படம் பிடித்து நகரிக்கு அனுப்பினான். பதில் வரும்வரை நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிஷத்தில் வந்தது: ஒரு எழுத்துகூடத் தப்பில்லையாம். மயிலுக்கு மட்டும் கொண்டை சின்னதாக இருக்கிறதாம்.

“மயில் என் டிபார்ட்மென்ட் இல்ல” என்றேன்.

காதுகுத்தன்று மலையில் சரியான கூட்டம். மொட்டை போட்டு, தலை முழுக்கச் சந்தனம் பூசிய குழந்தை தாய்மாமன் மடியில் வீறிட்டுக்கொண்டிருந்தது. எல்லாம் முடிந்து சாப்பிடும்போது அந்தத் தாய்மாமன், கையில் பத்திரிகையோடு, அரைத் தெலுங்கும் அரைத் தமிழுமாகக் கேட்டார், இதை எங்கே அடித்தது, அவருக்கும் அடுத்த மாதம் ஒரு விசேஷம் வருகிறது என்று.

மச்சான் என்னை இழுத்து முன்னால் நிறுத்தினான். “எங்க பாவா. லினக்ஸ்ல அடிக்கிறாரு. அவரே போட்டாரு, யார் உதவியும் இல்லாம.” அவன் குரலில் இருந்தது நிஜமான பெருமைதான், நான் நெஞ்சை நிமிர்த்தினேன். அப்போதுதான் அவன் குழந்தையின் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே சேர்த்தான்: “இதே மாதிரிதான் கம்ப்யூட்டருக்கும் பூசுனாரு. ஆனா ரெண்டே நாள்ல பொழைச்சிகிச்சு.”

பந்தியே சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான். சிரித்து முடித்து, அந்த நகரிக்காரருக்கு என் போன் நம்பரைக் கொடுத்து, “ரெண்டு பாஷையிலயும் பண்ணிடலாங்க” என்றேன்.